தலைக்குந்தாவும் கேதார்காந்தாவும்

மார்கழி பிறந்துவிட்டால் காரமடைப் பக்கத்து இளவட்டங்கள் இரண்டு திசையில் கிளம்புகிறார்கள். ஒரு கூட்டம் விடிவதற்கு முன்பே பைக்கை முறுக்கி, மேட்டுப்பாளையம் தாண்டி மலையேறி, தலைக்குந்தா புல்வெளியில் உறைபனியைப் பார்த்துப் படம் எடுத்துக்கொண்டு மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடும். இன்னொரு கூட்டம் கம்பெனியில் ஒரு வாரம் லீவு சொல்லி, டெல்லி வழியாக டேராடூன் போய், அங்கிருந்து ஒரு பகல் முழுக்க மலைப்பாதையில் குலுங்கி, சங்க்ரி என்ற கிராமத்தில் இறங்கும். உத்தரகாண்டின் உத்தரகாசி மாவட்டத்தில் உள்ள அந்தக் கிராமம்தான் கேதார்காந்தா மலைக்கு வாசல். உச்சி 3,810 மீட்டர். குளிர்காலத்தில் பனிமூடிய முகட்டின் மேலேயே நடந்து போய்த் தொடும் உச்சி அது.

முதல் கூட்டத்தில் பழகியவர்கள்தான் பிறகு இரண்டாவது கூட்டத்தில் சேர்கிறார்கள். "ஊட்டில பூஜ்யம் டிகிரியவே பாத்தாச்சு மாப்ள, அங்க இன்னும் அஞ்சாறு டிகிரி கொறையும், அவ்வளவுதான?" என்று டீக்கடையில் பேச்சு ஓடும். தெர்மாமீட்டரை மட்டும் பார்த்தால் அந்தக் கணக்கில் பெரிய தப்பில்லை. ஆனால் ஊட்டியின் குளிரும் பனிமுகட்டின் குளிரும் உண்டாகும் விதமே வேறு. ஒன்றில் கற்ற பாடத்தை இன்னொன்றுக்குக் கொண்டு போனால் காலை வாரிவிடும்.

காரமடை கடல் மட்டத்திலிருந்து 400 மீட்டருக்குள் இருக்கிறது. ஊட்டி சுமார் 2,240 மீட்டர். காற்று மேலே போகப்போக அதன் மேல் உள்ள அழுத்தம் குறைகிறது. அழுத்தம் குறைந்தால் விரிகிறது. விரிவதற்குத் தன் வெப்பத்தையே செலவழித்துக் குளிர்ந்துபோகிறது. சராசரியாக ஆயிரம் மீட்டருக்கு ஆறரை டிகிரி என்பது வளிமண்டலக் கணக்கு. தை மாத விடியலில் காரமடையில் 18 டிகிரி இருக்கிறதென்று வைத்துக்கொண்டால், ஊட்டியில் ஆறு டிகிரி இருக்க வேண்டும். ஆறு டிகிரியில் புல்லின் மேல் பனிக்கட்டி படியாது. ஆனால் தலைக்குந்தாவில் படிகிறது. மீதி ஆறு டிகிரி எங்கே போனது?

வானத்துக்குப் போனது. பகலில் வாங்கிய வெப்பத்தை நிலம் இரவெல்லாம் அகச்சிவப்புக் கதிராக மேலே அனுப்பிக்கொண்டே இருக்கிறது. மேகம் இருந்தால் அதில் ஒரு பங்கைத் திருப்பி அனுப்பும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின் நீலகிரியின் வானம் துடைத்துவிட்டாற்போல் இருக்கும். காற்றில் ஈரமும் குறைவு. போன வெப்பம் போனதுதான். புல்நுனி முதலில் குளிர்கிறது, அதைத் தொட்ட காற்று அடுத்துக் குளிர்கிறது. குளிர்ந்த காற்று கனமானது. அது சரிவில் மெல்ல வழிந்து இறங்கிப் பள்ளத்தில் தேங்குகிறது. தலைக்குந்தா, காந்தல், தாவரவியல் பூங்காவின் தாழ்ந்த புல்தரை என்று ஆண்டுதோறும் உறைபனிச் செய்தியில் அடிபடும் இடங்கள் பெரும்பாலும் இப்படிக் குளிர்காற்று தேங்கும் பள்ளங்கள்தான். அங்கே காற்றிலுள்ள நீராவி, தண்ணீராக மாறாமல் நேராகவே பனிப்படிகமாகப் புல்லில் ஒட்டுகிறது.

இதற்கு இன்னொரு நிபந்தனையும் உண்டு: காற்று அசையக்கூடாது. லேசாகக் காற்று அடித்தாலும் மேலே இருக்கும் வெப்பமான அடுக்கும் கீழே தேங்கிய குளிர் அடுக்கும் கலந்துவிடும், உறைபனி படியாது. நீலகிரித் தேயிலை விவசாயிகளுக்கு இது அத்துப்படி. பள்ளத்துத் தேயிலைதான் முதலில் கருகும், மேட்டுத் தேயிலை பல நேரம் தப்பிவிடும். அதிகாலையில் சிலர் ஸ்பிரிங்ளர் போட்டுச் செடி மேல் தண்ணீர் தெளிப்பதைப் பார்க்கலாம். குளிரில் கிடக்கும் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதா என்று தோன்றும். ஒரு கிராம் தண்ணீர் உறையும்போது 80 கலோரி வெப்பத்தை வெளியே விடுகிறது. அந்த வெப்பம் இலையின் திசு உறைந்து வெடிக்காமல் தாங்கிப்பிடிக்கிறது. தாவரவியல் பூங்காவில் நாற்றுகளைக் கோத்தகிரி மிலார் செடியால் மூடிவைப்பது இன்னும் எளிய வழி. வானத்துக்கும் நாற்றுக்கும் நடுவே ஒரு தடுப்பு, அவ்வளவுதான்.

ஊட்டிக்குப் போய்வந்தவர் மனதில் இதிலிருந்து என்ன பதிகிறது? குளிர் என்றால் அசைவற்ற, தெளிந்த, அழகான ஒரு காலை. மேட்டில் ஏறினால் கதகதப்பு. எட்டு மணிக்கு வெயில் பட்டால் எல்லாம் சரி. நீலகிரிக்கு இது மூன்றுமே உண்மை.

அப்படியானால் நீலகிரியில் பனி பொழிவதே இல்லையே, ஏன்? நம் பகுதியின் வானத்தில் வெப்பநிலை பூஜ்யத்தைத் தொடும் மட்டம் ஏறக்குறைய ஐந்து கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. தொட்டபெட்டா 2,637 மீட்டர்தான். மழை தரும் மேகம் வரும் நாளில் அந்த மேகமே நிலத்தின் வெப்பத்தைப் பிடித்துவைப்பதால் உறைநிலைக்கு இறங்க வழியில்லை. உறைநிலைக்கு இறங்கும் நாளில் வானத்தில் மேகமே இருப்பதில்லை. குளிரும் ஈரமும் ஒரே நாளில் சந்திக்க மாட்டேன் என்கின்றன. இமயத்தில் அவை சந்திக்கின்றன. மத்தியதரைக் கடல் பக்கம் உருவாகி ஈரான், ஆப்கானிஸ்தான் வழியாகக் கிழக்கே நகரும் மேற்கத்திய இடையூறுகள் என்னும் காற்றழுத்தத் தாழ்வுகள் டிசம்பர் முதல் மார்ச் வரை அங்கே ஈரத்தைக் கொண்டு வந்து கொட்டுகின்றன. கேதார்காந்தாவின் பனி அப்படி வந்தது.

இடையில் ஒரு வேடிக்கை. உத்தரகாண்டின் மாநில மரமான புராஞ்ச், அதாவது சிவப்புப் பூ பூக்கும் ரோடோடென்ட்ரான், நீலகிரிப் புல்வெளி ஓரங்களிலும் நிற்கிறது. ஒரே இனம், நம்முடையது ஒரு துணை இனம். இரண்டாயிரம் கிலோமீட்டருக்கும் மேல் இடைவெளி விட்டு, குளிர் கிடைக்கும் மேடுகளில் மட்டும் அது நிலைத்திருக்கிறது. சங்க்ரிக் காட்டில் அதைப் பார்க்கும் நம்மூர்க்காரர்களுக்கு இடம் தெரிந்த இடம்போலத் தோன்றுவதில் ஆச்சரியமில்லை.

மரங்கள் முடிந்ததும் அந்தப் பரிச்சயமும் முடிந்துவிடுகிறது. அங்கிருந்து முகடு. முகட்டில் முதல் ஆள் காற்றுதான்.

ஆடி மாதத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் பாய்ந்து வரும் காற்று கொங்கு நாட்டுக்குப் புதிதல்ல. நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் இடையே உள்ள ஒரே பெரிய திறப்பில் நெருக்கிக்கொண்டு புகுவதால் அதன் வேகம் கூடுகிறது. பல்லடம், உடுமலைப் பக்கத்துக் காற்றாலைகள் அதை நம்பித்தான் நிற்கின்றன. மலைமுகட்டில் நடப்பதும் அதே இயற்பியல், ஆனால் செங்குத்தாக. சமவெளியில் பரவலாக வரும் காற்று மலையில் மோதி மேலே ஏறும்போது, மேலே உள்ள காற்று அடுக்குக்கும் மலைமுதுகுக்கும் நடுவே நெருக்கப்படுகிறது. முகட்டைத் தாண்டும் நொடியில் அதன் வேகம் மிக அதிகம். முகட்டுக்கு நூறு மீட்டர் கீழே கூடாரத்தில் கொடி அசையாமல் இருக்கும். மேலே போனால் நிமிர்ந்து நிற்க முடியாது.

காற்று ஏன் கொல்கிறது? நம் தோலை ஒட்டி ஒரு மெல்லிய வெப்பக் காற்றுப் படலம் எப்போதும் இருக்கிறது. காற்று அதை உரித்துக்கொண்டு போய்விடும், உடல் மறுபடி ஒரு படலத்தைச் சூடாக்க வேண்டும், அதுவும் போய்விடும். இந்த இழப்பை அளந்தவர்கள் பால் சைப்பிள், சார்ல்ஸ் பாசெல் என்ற இரு அமெரிக்கர்கள். 1940களின் தொடக்கத்தில் அண்டார்டிகாவில், ஒரு பிளாஸ்டிக் உருளையில் தண்ணீர் ஊற்றிக் காற்றில் தொங்கவிட்டு அது உறைய எவ்வளவு நேரமாகிறது என்று பார்த்தார்கள். அமெரிக்காவும் கனடாவும் 2001இல் திருத்தி அமைத்த சூத்திரம் இன்று புழக்கத்தில் இருக்கிறது. அதன்படி, வெப்பநிலை மைனஸ் 10 ஆக இருக்கும்போது மணிக்கு 40 கிலோமீட்டர் காற்று அடித்தால், முகத்துக்கு அது மைனஸ் 21. ஊட்டியின் பூஜ்யம் டிகிரி விடியலில் காற்று இல்லாததால் அது வெறும் பூஜ்யம்தான். டீக்கடைக் கணக்கு உடைவது இந்த இடத்தில்.

காற்றுக்குக் கூட்டாளி ஈரம். இதை வெள்ளியங்கிரி ஏறியவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. பூண்டியில் மூங்கில் தடி வாங்கிக்கொண்டு ராத்திரி ஏறத் தொடங்கினால், வெள்ளைப் பிள்ளையார் கோயில் போய்ச் சேருவதற்குள் பனியன் பிழியும் அளவுக்கு நனைந்துவிடும். அதே பனியனோடு ஏழாவது மலையில் விடியலுக்காகக் காத்திருக்கும்போது பல் கிட்டிக்கும். அங்கே வெப்பநிலை உறைநிலைக்குப் பக்கத்தில்கூட இல்லை. ஆனாலும் நடுங்குகிறோம். காரணம், ஒரு கிராம் வியர்வை ஆவியாக ஏறக்குறைய 580 கலோரி வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. பனியனில் கால் லிட்டர் வியர்வை ஊறியிருந்தால், அதை உடம்பிலேயே காயவைக்க 145 கிலோகலோரி வேண்டும். சும்மா உட்கார்ந்திருக்கும் ஆள் ஒரு மணி நேரத்தில் உண்டாக்கும் மொத்த வெப்பமே சுமார் 80 கிலோகலோரி. அதாவது கிட்டத்தட்ட இரண்டு மணி நேர உடல்வெப்பம் துணி காயவைக்கவே செலவாகிறது.

திருப்பூருக்கும் கோவைக்கும் நடுவே வளர்ந்தவர்கள் துணியைப் பற்றிப் பேசத் தயங்க வேண்டியதில்லை. மில்லில் வேலை பார்த்தவர்கள் மாய்ஸ்ச்சர் ரீகெய்ன் என்று ஒன்றைச் சொல்வார்கள்: சாதாரண ஈரப்பதத்தில் ஒரு இழை தன் உலர் எடையில் எத்தனை சதவீதம் தண்ணீரை இழுத்து வைத்துக்கொள்கிறது என்பது. பருத்திக்கு அது எட்டரை. பாலியெஸ்டருக்கு 0.4. கோடையில் பருத்தி பனியன் நமக்குச் சுகம் தருவது இந்தக் குணத்தால்தான். பனிமலையில் பகையாவதும் இதே குணத்தால்தான். நனைந்த பருத்தி தோலில் ஒட்டிக்கொள்கிறது. இழைகளுக்கு நடுவே இருந்த காற்றறைகள் தண்ணீரால் நிரம்புகின்றன. தண்ணீர், காற்றைவிட 25 மடங்கு வேகத்தில் வெப்பத்தைக் கடத்துகிறது. கம்பளி நூல் பருத்தியைவிட அதிக ஈரம் இழுக்கும், ஆனால் அதன் சுருள் குலையாததால் காற்றறைகள் மிஞ்சுகின்றன. ஆகவே உள்ளே பாலியெஸ்டர் அல்லது மெல்லிய கம்பளி, நடுவே வெப்பம் காக்கும் அடுக்கு, வெளியே காற்று புகாத சட்டை என்பதுதான் முறை. ஏறும்போது வியர்க்கும் முன்பே நடு அடுக்கைக் கழற்றிப் பையில் வைக்க வேண்டும். கொஞ்சம் குளிராகத் தொடங்குவதே சரியான தொடக்கம். பத்தாயிரம் ரூபாய் ஜாக்கெட்டுக்குள் பருத்தி பனியனோடு போகிறவர்களை என்னவென்று சொல்வது!

காற்றும் ஈரமும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் பக்கத்து மாநிலத்தவர் சிக்கிய நிகழ்வு ஒன்று போதும். 2024 ஜூன் தொடக்கத்தில், பெரும்பாலும் பெங்களூரைச் சேர்ந்தவர்கள் அடங்கிய 22 பேர் கொண்ட குழு உத்தரகாண்டின் சகஸ்திர தால் ஏரிக்குப் போய்த் திரும்பும்போது, 4,000 மீட்டருக்கு மேல் திறந்த வெளியில் பனிப்புயலில் சிக்கியது. ஒன்பது பேர் இறந்தார்கள். மாதத்தைக் கவனியுங்கள்: ஜூன். பனிச்சரிவு இல்லை, பள்ளத்தில் விழவில்லை. உடல் வெப்பம் இழந்ததுதான்.

உடலின் உள்வெப்பம் 37இலிருந்து 35க்குக் கீழே போனால் ஹைப்போதெர்மியா தொடங்குகிறது. நடுக்கம் கடுமையாகும், அது தசைகள் வெப்பம் உண்டாக்கும் முயற்சி. பிறகு சட்டைப் பொத்தான் போட விரல் ஒத்துழைக்காது, பேச்சு குழறும், நன்றாக நடந்தவர் தடுக்கி விழுவார், எதைக் கேட்டாலும் "ஒண்ணுமில்ல" என்பார். 32 டிகிரியை ஒட்டி நடுக்கம் நின்றுவிடும். அருகில் இருப்பவர்கள் "தேறிட்டான்" என்று நினைக்கும் கட்டம் அது. உண்மையில் உடல் கைவிட்டுவிட்ட கட்டம். சிலர் இந்த நிலையில் புழுக்கமாக இருக்கிறதென்று சட்டையைக் கழற்றி எறிவதும் உண்டு. செய்ய வேண்டியது: காற்றிலிருந்து மறைவுக்குக் கொண்டுபோவது, ஈரத்துணியை மாற்றுவது, அடியில் விரிப்புப் போட்டுப் போர்த்துவது, நினைவு தெளிவாக இருந்தால் சர்க்கரை போட்ட சூடான பானம் தருவது. கை கால்களைத் தேய்க்கக் கூடாது. பிராந்தி கொடுக்கவே கூடாது. அது தோலின் ரத்தக்குழாய்களை விரித்து, மிச்சமிருக்கும் வெப்பத்தையும் வெளியே அனுப்பிவிடும்.

உயரத்தைப் பற்றிச் சுருக்கமாக. 3,810 மீட்டரில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் சுமார் 63 சதவீதம்தான். மூச்சுக்கு மூச்சு கிடைக்கும் ஆக்சிஜனும் அதே அளவில் குறையும். தலைவலி, குமட்டல் வந்தால் மேலே போகக் கூடாது. முற்றினால் உடனே இறங்க வேண்டும். 3,000 மீட்டருக்கு மேல் ஒரு நாளில் 500 மீட்டருக்கு மேல் உயர்ந்து தூங்கக் கூடாது என்பது மருத்துவர்களின் பொதுவிதி. புதுப்பனி வெயிலில் பெரும்பகுதியைத் திருப்பி அடிப்பதால் புறஊதாக் கதிர் கீழிருந்தும் கண்ணைத் தாக்கும். கறுப்புக் கண்ணாடி அங்கே அலங்காரம் ஆகாது.

இனி பனி. முகட்டில் காற்று ஒரு பக்கத்திலிருந்து பனித்தூளை அள்ளி மறுபக்கம் போடுகிறது. காற்று மறைந்த பக்கத்தில் அது முகட்டின் விளிம்பைத் தாண்டி, அடியில் தாங்கல் இல்லாமல் அந்தரத்தில் நீண்டு வளர்கிறது. கார்னிஸ் என்பார்கள். மேலே நிற்பவருக்கு அது முகட்டின் தொடர்ச்சியாகத்தான் தெரியும். எங்கே பாறை முடிகிறது, எங்கே வெறும் பனி தொடங்குகிறது என்று கண்ணால் சொல்ல முடியாது. உடையும்போதும் நாம் எதிர்பார்க்கும் இடத்துக்கு வெகுவாக உள்ளே தள்ளித்தான் உடையும். நங்க பர்பத் சிகரத்தை 1953இல் தனி ஆளாக முதலில் தொட்ட ஹெர்மன் பூல், 1957 ஜூனில் காரகோரத்தின் சொகோலிசாவில் மூடுபனியில் இறங்கும்போது கார்னிஸ் உடைந்து விழுந்து இறந்தார். படம் எடுக்க விளிம்புக்குப் போகும் பழக்கத்தை முகட்டில் விட்டுவிட வேண்டும். வழிகாட்டி நடக்கும் தடத்திலேயே நடக்க வேண்டும்.

பனிச்சரிவுக்குக் காரணம் பல நேரம் பனியின் மேல்புறத்தில் இல்லை, அடியில் இருக்கிறது. குளிர்காலத் தொடக்கத்தில் விழுந்த மெல்லிய பனியின் அடிப்பக்கம் நிலத்தைத் தொட்டுப் பூஜ்யத்தை ஒட்டி இருக்கும். மேல்பக்கம் மைனஸ் 15இல் இருக்கும். இந்த வித்தியாசத்தால் அடியிலிருந்து நீராவி மேலேறி, படிகங்கள் ஒன்றோடொன்று ஒட்டாத குருணையாக மாறிவிடுகின்றன. கையில் அள்ளினால் ரேஷன் சர்க்கரைபோல விரலிடுக்கில் உதிரும். அதன் மேல் ஜனவரிப் பனியும் பிப்ரவரிப் பனியும் இறுகிய பலகையாகப் படிகின்றன. 30 முதல் 45 டிகிரி வரை சாய்ந்த சரிவில் ஒருவர் கால் வைத்தால், உதிரி அடுக்கு நொறுங்கி, பலகை முழுதாக வழுக்குகிறது. பனிச்சரிவில் சிக்குபவர்களில் பெரும்பாலோருக்கு அந்தச் சரிவைக் கிளப்பிவிட்டது அவர்களோ அவர்கள் குழுவில் ஒருவரோதான். பனிக்குள்ளிருந்து 'தும்' என்று அடங்கிய சத்தம் கேட்டால் அது அடி அடுக்கு அமுங்கிய சத்தம். அங்கிருந்து திரும்பிவிட வேண்டும்.

புதைந்தவரை முதல் பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள் தோண்டி எடுத்தால் பிழைக்க நல்ல வாய்ப்பு உண்டு. பிறகு வாய்ப்பு சரசரவெனச் சரிகிறது, மூச்சுக்குக் காற்று இல்லாததால். 2016 பிப்ரவரி 3 அன்று சியாச்சினில் 19,600 அடி உயரக் காவல்முனையில் மெட்ராஸ் ரெஜிமென்ட்டைச் சேர்ந்த பத்து வீரர்கள் புதைந்தார்கள். அவர்களில் நால்வர் தமிழ்நாட்டுக்காரர்கள். ஆறு நாள் கழித்து கர்நாடகத்தின் ஹனுமந்தப்பா உயிரோடு மீட்கப்பட்டு, பிப்ரவரி 11 அன்று டெல்லியில் இறந்தார். அது விதிவிலக்கு. 2022 அக்டோபர் 4 அன்று உத்தரகாசியின் திரௌபதி கா டண்டா மலையில் நேரு மலையேற்றப் பயிற்சி நிறுவனத்தின் குழு சிக்கியபோது 27 உடல்கள் மீட்கப்பட்டன, இருவர் காணாமல் போனார்கள். இறந்தவர்களில் அதே ஆண்டு மே மாதம் எவரெஸ்ட் ஏறிய பயிற்சியாளர் சவிதா கன்ஸ்வாலும் ஒருவர். அனுபவம் பனியின் அடி அடுக்கை மாற்றுவதில்லை.

கேதார்காந்தாவின் வழக்கமான பாதை இவ்வளவு கொடியது இல்லை; ஆயிரக்கணக்கானோர் போய் வருகிறார்கள். பின்னிரவில் கிளப்பி விடியலுக்கு உச்சி சேர்ப்பதற்குச் சூரியோதயம் மட்டும் காரணமில்லை. இரவுக் குளிரில் இறுகிய பனி காலைத் தாங்கும், வெயில் ஏறினால் முழங்கால்வரை புதையும், சரிவும் இளகும். ஆபத்து பெரும்பாலும் தாமதத்திலிருந்து தொடங்குகிறது. தாமதம் பெரும்பாலும் நட்பிலிருந்து தொடங்குகிறது!

விளையாட்டாகச் சொல்லவில்லை. இயன் மெக்கமன் என்ற ஆய்வாளர் அமெரிக்காவில் 1972 முதல் 2003 வரை நடந்த 715 பனிச்சரிவு விபத்துகளை அலசினார். அபாய அறிகுறிகள் கண்ணுக்குத் தெரிந்தும் பலர் உள்ளே போயிருந்தார்கள். முன்பு வந்த இடம்தானே என்ற துணிச்சல், இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே என்ற பிடிவாதம், மற்றவர்கள் போகிறார்களே என்ற சமாதானம், கூட்டத்தில் சங்கடப்பட வேண்டாமே என்ற தயக்கம் எல்லாம் அதில் வேலை செய்திருந்தன. லீவு போட்டு, காசு கட்டி, இரண்டாயிரம் கிலோமீட்டர் தாண்டி வந்த கூட்டத்தில் "எனக்கு முடியலடா" என்று சொல்ல எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆகவே இந்த மார்கழியில் கிளம்பும் கூட்டாளிகளுக்கு ஒரே வேண்டுகோள். சங்க்ரியில் சூடாக ரொட்டி சாப்பிடும்போதே இரண்டு விஷயத்தைப் பேசி முடித்துவிடுங்கள். உச்சி தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் எத்தனை மணிக்குத் திரும்புவது என்பது ஒன்று. யாராவது ஒருவர் இறங்கலாம் என்று சொன்னால் காரணம் கேட்காமல், கேலி பேசாமல், அவரைத் தனியே விடாமல் இறங்குவது என்பது இன்னொன்று. பருத்தி பனியனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.